நாள் சொல்லும் புத்தி

சலவைக் கம்பெனிக்காரம்மா கேட்டது ஒரே கேள்விதான். "இந்த மென்பொருள் முழுசா உங்களோடதுதானே? அப்படின்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க, எங்க எல்லாக் கிளைக்கும் வாங்கிக்கிறோம்."

"ஆமா" என்று சொல்ல வாய் திறந்த சுண்டெலிக்கு ஏனோ நா எழவில்லை. நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எந்நேரமும் கணினி மௌஸைப் பிடித்தபடி இருப்பவளுக்கு வீட்டில் வைத்த பெயர்தான் சுண்டெலி. இந்த வியாபாரம் படிந்தால், சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு வேலை பார்க்கிற பிழைப்பு ஒழியும். வேலைக்கென்று தனி அறை எடுக்கலாம். அந்த அறைக்காக ஏங்கிக் கிடந்தாள். ஆனாலும் அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது. எழுதியது அவள். எழுதச் சொன்னது அத்தான். அப்படியானால் யாருடையது?

அக்காவின் கணவரான அத்தான், தையல்கடைக்காரர். புதன்கிழமை வரச் சொன்னால் சனிக்கிழமை வருகிறவர்களின் துணி கடையில் மலையாய்க் குவியும். திங்கட்கிழமையே வந்து நிற்பவர்கள் உயிரை வாங்குவார்கள். அவருக்காகத்தான் கூலி வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தாள். யார் எவ்வளவு தாமதிப்பார், யார் எவ்வளவு அவசரப்படுவார் என்று மென்பொருள் கவனித்து, ஆளுக்குத் தக்கபடி, துணி வாங்க வரும் நாளை முன்னே பின்னே தள்ளிச் சொல்லும். துணி தயாராகும்போது ஆளும் ஆஜர். உரிமையைப் பற்றி யாரும் பேசவில்லை. குடும்பத்துக்குள் அதையெல்லாம் யார் பேசுகிறார்கள்?

நேராகக் கடைக்குப் போய்க் கேட்டாள்.

"கூலி கொடுத்தது நான். அப்ப என்னோடதுதான்" என்றார் அத்தான், துணியிலிருந்து கண் எடுக்காமல்.

கோட்டுத் துணி வெட்ட அளவாக வைக்கும் கெட்டிக் காகித வெட்டுகள் சுவரில் ஆணியில் தொங்கின; அவற்றைப் பார்த்தாள். "அதெல்லாம் யாரோடது அத்தான்?"

"என்னோடது."

"கோட்டுக்குக் கூலி கொடுத்தவங்களோடது இல்லையா?"

"கோட்டு அவங்களோடது. வெட்டின காகிதம் எப்பவும் தைக்கிறவனுக்குத்தான். அதை வச்சு அடுத்தவங்களுக்கும்..." பாதியில் நிறுத்திக் கத்தரியைக் கீழே வைத்தார். "அடிப்பாவி, என் வாயாலயே சொல்ல வச்சுட்டியே!"

மடக்கவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சரி, எழுத்து உன்னோடது. ஆனா ஆளைப் பார்த்து நாளை மாத்திச் சொல்ற புத்தி என்னோடது. அதைக் கழட்டிட்டு மிச்சத்தை வித்துக்கோ."

அதைக் கழற்றினால் மிஞ்சுவது வெறும் ரசீது போடும் சமாசாரம். சலவைக்காரம்மா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஆனால் அத்தான் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அக்கா நூலைப் பல்லால் கடித்தாள். "உங்க புத்தியா?"

"பின்னே?"

"கல்யாணம் ஆனதிலிருந்து என்னைக்காவது உங்ககிட்ட சரியான நேரம் சொல்லியிருக்கேனா? பத்து மணிக்குப் போகணும்னா, நீங்க தாமதிப்பீங்கன்னு ஒன்பதுன்னு சொல்வேன். ஒருநாள் கண்டுபிடிச்சு வீட்டையே ரெண்டாக்கினீங்க. கோபம் ஆறினதும் இவளைக் கூப்பிட்டு, இதே மாதிரி எழுதிக் கொடுன்னு சொன்னீங்க."

அத்தான் முகத்தில் அசடு வழிந்தது. "அதோட நிறுத்திட்டேன்னு சொன்னியே?"

அக்கா அடுத்த பொத்தானை எடுத்தாள்.

சுண்டெலி வாசலுக்கு வந்து போன் போட்டாள். "முழுசா என்னோடது இல்லைங்க. எழுதினது நான். எழுதச் சொன்னது எங்க அத்தான். புத்தி எங்க அக்காவோடது. மூணு பேரும் கையெழுத்துப் போட்டா வாங்கிப்பீங்களா?"

சலவைக்காரம்மா சொன்னார்: "பின்னாடி வந்து யாரும் சண்டை போடாம இருந்தா எனக்குப் போதும். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. மூணு பேரும் இருக்கணும். பத்தரைக்கு நான் கிளம்பிடுவேன்."

சுண்டெலி உள்ளே ஓடி, அக்காவின் காதருகே குனிந்தாள். "பத்து மணிக்கு. அத்தான்கிட்ட ஒன்பதுன்னு சொல்லிடவா?"

அக்கா ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள்.

"ஒன்பதுன்னு சொன்னா இனிமே பத்துன்னு புரிஞ்சுக்குவார். எட்டுன்னு சொல்லு."