நீரூற்றுக்கு இடமில்லை

பொம்மைச் செடிதானே என்கிறீர்கள், அப்புறம் உங்கள் நீரூற்று மட்டும் என்ன நிஜமா? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு அவள் திரையையே பார்த்தாள்.

கணினிக்குள் இருந்த அந்த மெய்நிகர் உலகத்தில் அவளும் கணவரும் சேர்ந்துதான் மனை வாங்கினார்கள். அங்கே கடை கடையாக ஏறி இறங்கிச் செடி தேடியதும், வேலியோரம் ஒவ்வொன்றாக நட்டதும் அவள். அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இன்று ஆபீஸ் நண்பர்களை அங்கே கூப்பிட்டுவிட்டு, அவளைக் கேட்காமல் பெரிய நீரூற்று ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். மனையில் இனி எதற்கும் இடமில்லை என்று திரை சொல்லிவிட்டது. அங்கே நட்டவரால் மட்டும்தான் செடியைப் பிடுங்க முடியும்.

"வேலியோரம் இருக்கிறதை எல்லாம் எடுத்துடு. ஒரு நிமிஷ வேலை."

"வைக்க எனக்கு மழைக்காலம் பூரா ஆச்சுங்க."

"தண்ணி ஊத்தினியா, உரம் போட்டியா? ரொம்பத்தான் அலட்டிக்கிற. எல்லாரும் வந்துடுவாங்க."

இந்த வீட்டில் சோபாவின் நிறம்கூட அவர் சொன்னதுதான். அவள் குரலை உயர்த்தவில்லை.

"வரட்டும். செடியைப் பார்த்துட்டுப் போகட்டும். நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்லி மவுசிலிருந்து கையை எடுத்தாள்.