நூல்காரியின் நடை

காலை ஐந்தரை மணிக்குக் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்றால்தான் அவளுக்குப் பொழுது விடியும். நூலை வளையமாகக் கட்டி, இரண்டு கையிலும் முறுக்கி, தாடைக்கு அடியில் ஓட்டுவாள். ஓர் இழுப்பில் நாலைந்து முடி வந்துவிடும். கண்ணில் நீர் முட்டும், வாயிலிருந்து சத்தம் வராது. அழகு நிலையத்தில் ஆறு வருடமாகப் பிறர் புருவத்தைத் திருத்துகிற கை அது. தெருவில் அவளுக்கு நூல்காரி என்றே பெயர். நூல்காரிக்கே தாடி முளைக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

"உள்ள என்ன ஆத்துலயா குளிக்கிற? தொட்டி காலியாகுது," என்று மாமியார் கதவைத் தட்டுவாள்.

"இதோ வந்துட்டேன் அத்தை."

கல்யாணமாகி மூன்று வருடம். மூன்று வருடமும் இந்தக் கதவும் இந்தப் பதிலும்தான்.

பத்தொன்பது வயதில் மாதவிலக்கு மூன்று மாதம், நான்கு மாதம் என்று தள்ளிப்போனபோதே ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்று. சினைப்பையில் நீர்க்கட்டிகள், தாடை முடியும் அதனால்தான் என்றார்கள். வெளியே வந்ததும் அம்மா அந்த ரிப்போர்ட்டை நாலாக மடித்துத் தன் பையில் செருகிக்கொண்டாள். "கல்யாணம் ஆகற வரைக்கும் வாயத் திறக்காத," என்றாள். கல்யாணம் ஆனது. "ஒரு புள்ள பொறக்கற வரைக்கும் மூச்சு விடாத," என்றாள். பிள்ளை பிறக்கவில்லை. வாய் மூடினது மூடினபடியே இருந்தது.

போன மழைக்காலத்தில், அரை நாள் லீவு எடுத்து, யாருக்கும் சொல்லாமல் ஒரு பெண் மருத்துவரைப் போய்ப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இது ஒரேயடியா போற வியாதி இல்லம்மா. ஆனா கைக்குள்ள வச்சுக்கலாம். மாத்திரை தேவைப்பட்டா அப்புறம் பாப்போம். தினம் அரை மணி நேரம் வேகமா நட. சர்க்கரை, மைதா, பொரிச்சது எல்லாத்தையும் குறை. தட்டுல பாதி காய்கறியா இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. நாலஞ்சு கிலோ குறைஞ்சாலே உடம்பு பதில் சொல்லும். இதுல என்ன கஷ்டம்?"

"ஒண்ணுமில்ல டாக்டர்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் சர்க்கரை போடாத டீயைக் கையில் எடுத்ததுமே மாமியார் பார்த்துவிட்டாள். "என்ன, சக்கர வியாதியா? இந்த வயசுலயா? உங்க வீட்ல எங்ககிட்ட எதையாச்சும் மறைச்சுட்டாங்களா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நூல்காரி டம்ளரைக் கீழே வைத்தாள். இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கி, மாமியார் எதிரிலேயே குடித்து முடித்தாள்.

பிறகு, வேலை விட்டு வரும்போது இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தாள். எட்டு நாள் நடந்தாள். உடம்பு லேசானது போலக்கூட இருந்தது. ஒன்பதாம் நாள் மாமியார் பால்கனியில் காத்திருந்தாள்.

"கடை மூடுறது ஏழு மணிக்கு. மிச்ச நேரம் எங்க போகுது?"

புருஷன் லிஃப்ட் பழுது பார்ப்பவன்; வார்த்தையை எண்ணித்தான் வெளியே விடுவான். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. மறுநாளிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் பஸ்தான்.

நிலையத்திலோ மதியச் சாப்பாடு நாலு மணிக்கு, அதுவும் நின்றுகொண்டே. பசித்தால் பிஸ்கட். எடை ஏறியது. "மடியில ஒண்ணு இருந்தா பின்னாடி ஓடியே எளைச்சிருப்ப," என்றாள் மாமியார். காரணத்தைச் சொன்னால் வாழ்க்கை போய்விடும், சொல்லாவிட்டால் உடம்பு போய்விடும் என்று இருதலைக் கொள்ளி எறும்பாய்த் தவித்தாள்.

ஒரு விடுமுறை நாளில் மாமியார் தன் மகளின் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டி வந்து கதவைச் சாத்தினாள்.

"இவளுக்குத் தாடையில நாலஞ்சு முடி. யாருக்கும் தெரியாம எடுத்துவிடு. ஞாயித்துக்கிழமை பையன் வீட்டுக்காரங்க வர்றாங்க."

நாத்தனார் பள்ளிக்கூட ஆசிரியை. வகுப்பில் முப்பது பிள்ளைகளை அதட்டுகிறவள், தலையணையில் சாய்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தாடையைத் தொட்டதுமே நூல்காரிக்குப் புரிந்துவிட்டது. கன்னத்துப் பரு, கழுத்து மடிப்பில் படர்ந்த கறுப்பு என்று எல்லாமே அவள் தினமும் கண்ணாடியில் பார்க்கிறவைதான்.

"மாசா மாசம் சரியா வருதா?"

நாத்தனார் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். "அஞ்சு மாசமாச்சு அண்ணி. அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"கல்யாணம் ஆனா எல்லாம் தானா சரியாயிடும்," என்றாள் மாமியார். "நீ உன் வேலையப் பாரு. இது இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கட்டும்."

ஐந்து நிமிட வேலைதான். செய்துவிட்டால் தன் ரகசியமும் பத்திரம், வீட்டில் நல்ல பெயரும் கிடைக்கும். ஆனால் இந்தப் பெண் நாளைக்கு வேறொரு வீட்டில், வேறொரு தாழ்ப்பாளுக்குப் பின்னால் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். நூல்காரி அவள் தாடையிலிருந்து கையை எடுத்தாள். நூலைச் சுருட்டிக் கீழே வைத்தாள்.

"அத்தை, இது நூலால போறது இல்ல. எனக்கும் இதேதான். பத்தொம்பது வயசுலேர்ந்து."

மாமியார் மருமகளின் தாடையை உற்றுப் பார்த்தாள்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே எங்க தலையில கட்டியிருக்காங்க. நாங்க ஏமாந்திருக்கோம்."

"ஆமா அத்தை. மறைச்சது தப்புதான். ஞாயித்துக்கிழமை நாமளும் அதையேதான் செய்யப்போறோம்."

மாமியார் எழுந்து போய்விட்டாள். அன்று சாயங்காலம் நூல்காரியின் அம்மா போனில் அழுதாள்: "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே." புருஷன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான்: "மூணு வருஷம். என்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலயா?" இரண்டு நாள் அந்த வீட்டில் தட்டு வைக்கிற ஓசை மட்டும்தான் கேட்டது. எந்த நேரமும் கிளம்பச் சொல்வார்கள் என்று பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்துக்கூட வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் புருஷன் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "வா, நடந்துட்டு வரலாம். படியிலயே இறங்குவோம். லிஃப்ட்காரன் படியில இறங்குறான்னு நாலு பேர் சிரிக்கட்டும்." அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்திலேயே நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் தானே பையன் வீட்டாரிடம் விஷயத்தைச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் திரும்பவே இல்லை. மாமியார் மருமகள் முகத்தைப் பார்க்காமல் பத்து நாள் இருந்தாள். பதினோராம் நாள், அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: "நீ போன டாக்டர் எங்க இருக்காங்க? இவளையும் காட்டணும்." மருத்துவர் மாமியாரையும் உட்காரவைத்துச் சொன்னார்: ஒருத்திக்குத் தனிச் சமையல் என்றால் ஒரு வாரம்கூடத் தாங்காது, வீடே மாற வேண்டும். மாமியார் முணுமுணுத்தாள். ஆனாலும் எண்ணெய் குறைந்தது, தட்டில் காய் கூடியது. மருமகளின் மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்கே சாப்பிட விடச் சொல்லி நிலையத்து மேடத்திடம் அவளே போய்ச் சண்டை போட்டாள்.

ஆறு மாதம் ஓடியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். குழந்தை இன்னும் இல்லை. தாடை முடியும் முழுக்கப் போகவில்லை. ஆனால் நாலு கிலோ குறைந்தது. நாற்பது நாளுக்கு ஒரு முறையாவது மாதவிலக்கு வந்தது. படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது.

ஒரு நாள் காலை, நடந்துவிட்டு அண்ணியும் நாத்தனாரும் வியர்வையோடு வருவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி மாமியாரிடம் ரகசியமாகக் கேட்டாள்: "ரெண்டும் தினம் ஓடுதே, உடம்புக்கு ஏதாச்சுமா?"

நூல்காரி படியிலேயே நின்றுவிட்டாள். மாமியார் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஆமா, ரெண்டு பேருக்கும் நீர்க்கட்டி. உங்க வீட்லயும் வயசுப் பொண்ணு இருக்கா, கேட்டுப் பாருங்க. வெக்கப்படறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. இந்த வியாதிக்கு மருந்தே நடையும் சாப்பாடும்தான். வியாதிய மறைச்சா மருந்தையும்ல சேத்து மறைக்கணும்? அப்புறம் எப்படிக் குணமாகும்?"