சரிவைக் கடக்கும்போது கூப்பிடாதே

கடைசிக் குடிசையைத் தாண்டியதும் அண்ணி நின்றாள். உள்சட்டையின் மேல் வார் போட்டுக் கட்டியிருந்த சின்னக் கருவியை, பொத்தானைத் திருப்பி, 'தேடும்' நிலைக்கு மாற்றினாள்.

"வா மாத்திரை, பக்கத்துல வா."

மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் நாத்தனாருக்கு அவள் வைத்த பெயர் அது. மாத்திரை நாலடி எடுத்து வைத்தாள். அவள் நெஞ்சிலும் அதே போல ஒரு கருவி. பனிச்சரிவில் புதைந்துபோனால் அது அனுப்பும் சமிக்ஞையை வைத்துத்தான் மேலே இருப்பவர்கள் தோண்டுவார்கள். அண்ணியின் கருவி 'பிக், பிக்' என்றது.

"கேக்குது. நல்லா வேலை செய்யுது."

"வீட்டுல பாத்திரம் கழுவுற நேரத்துல எங்க அண்ணன் தொலைஞ்சு போறாரே, அவரைக் கண்டுபிடிக்குமா இது?"

"அதுக்கு இன்னும் கருவி வரலடி!" அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே சட்டையைக் கழுத்துவரை இழுத்து மூடினாள்.

அண்ணி மலைப்பாதை வழிகாட்டி. மறுநாள் பன்னிரண்டு பேரைக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால் பாதையைப் பார்த்துவரக் கிளம்பியிருந்தாள். விடுமுறைக்கு வந்த மாத்திரை, சும்மா இருக்க முடியாமல் ஒட்டிக்கொண்டாள்.

பாதை உயர உயரப் பேச்சு குறைந்தது. காலை வெயிலில் சிகரங்கள் கண்ணைக் கூசவைத்தன. கீழே பள்ளத்தாக்கு முழுக்க நீல நிழல். எங்கும் ஒரு காக்கை கூட இல்லை. அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் மாத்திரை அண்ணியை ஒட்டியே நடந்தாள்.

பாதை ஒரு வெள்ளைச் சரிவின் குறுக்கே போனது. அறுபது அடி நடந்தால் எதிரே பாறை.

"ஒவ்வொருத்தராத்தான் போகணும். நான் அந்தப் பக்கம் போய்க் கை காட்டுனப்புறம் நீ வா. நடுவுல என்னைக் கூப்பிடாத. கூப்பிட்டா நிப்பேன். நிக்கிறதுதான் ஆபத்து."

"சரிங்க அண்ணி."

அண்ணி இறங்கி நடந்தாள். அவள் சட்டைக்குள்ளிருந்து மெல்லிய 'பிக், பிக்'. பத்தடி போவதற்குள் அது தேய்ந்து மறைந்தது. மாத்திரை தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். தன்னுடையது ஏன் சத்தமே போடவில்லை?

அனுப்பும் நிலையில் கருவி சத்தம் போடாது என்று அதை மாட்டிவிடும்போது அண்ணி சொல்லியிருந்தாள். தேடும் நிலையில்தான் போடும்; அப்போது அது எதையும் அனுப்பாது.

அண்ணி பொத்தானை அனுப்பும் நிலைக்குத் திருப்பி வைக்கவில்லை. குழுவோடு போனால், கடைசியில் வருபவர் வழிகாட்டியின் கருவியைச் சோதித்துவிட்டுத்தான் அடி எடுத்து வைப்பார். இன்று அந்தக் கடைசி ஆள் மாத்திரைதான். சோதிக்க வேண்டிய நேரத்தில் அவள் அண்ணனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

இப்போது சரிவு இடிந்தால் அண்ணி எங்கே கிடக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிட்டால் நிற்பாள். கையுறையைக் கழற்றி, சட்டையைத் திறந்து, பொத்தானைத் தேட அரை நிமிடமாவது ஆகும். அத்தனை நேரமும் சரிவின் நடுவில்.

மாத்திரை உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருபது. இருபத்தைந்து. கண் சிமிட்டக்கூடப் பயமாக இருந்தது. அண்ணியை அவள் கண்களைத் தவிர வேறு எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

முப்பதாவது அடியில் 'தொம்' என்றது. பெரிய மெத்தையில் யாரோ உட்கார்ந்தது போல. சத்தம் காதுக்கு வரும் முன்பே பாதத்துக்கு வந்தது. அண்ணிக்கு மேலே பனியில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு விழுந்தது.

அண்ணி தானாகவே நின்றுவிட்டாள். கோட்டை அண்ணாந்து பார்த்தாள். அசையவில்லை.

சொல்லிவிடலாமா? நின்றுதானே இருக்கிறாள். 'கருவியைத் திருப்புங்க' என்பது தொண்டைவரை வந்தது. கோடு நீண்டது.

"நடங்க அண்ணி! நிக்காதீங்க, நடங்க!"

அண்ணி நடந்தாள். பிறகு ஓடினாள். பாறையில் அவள் கை பட்டபோது, மலை ஒரு பெருமூச்சு விட்டது. சரிவு மொத்தமும் துண்டு துண்டாக உடைந்து, அவள் காலடித் தடங்களையும் அள்ளிக்கொண்டு கீழே போனது.

வெண்புழுதி அடங்க வெகுநேரமாயிற்று. இருவருக்கும் நடுவே வெறும் கருங்கல்.

"அண்ணி! உங்க கருவி தேடுற நிலையிலயே இருக்கு!"

அண்ணியின் கை நெஞ்சுக்குப் போனது. அப்படியே பாறையில் உட்கார்ந்தாள்.

"எப்படி கண்டுபிடிச்ச?"

"நீங்க பத்தடி போறவரைக்கும் அதோட சத்தம் கேட்டுச்சு."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

மாத்திரை தலையாட்டினாள். அண்ணி வாக்கிடாக்கியை எடுத்துக் கீழே இருந்த அலுவலகத்தைக் கூப்பிட்டாள். குரல் தெளிவாக இந்தப் பக்கம் வரை கேட்டது.

"பாதை இடிஞ்சு போச்சு. நாளைக்கு யாரையும் அனுப்பாதீங்க... இல்ல, இன்னொண்ணு இருக்கு, எழுதிக்கோங்க. என் கருவியை நான் திருப்பி வைக்கல. ஆமா, நான்தான். பதினோரு வருஷமா வழிகாட்டுறவதான்."

பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். "நான் மேல் முகடு வழியா சுத்தி வரேன். ரெண்டு மணி நேரம் ஆகும். நீ நின்ன இடத்தை விட்டு நகராத. என்ன?"

"சீக்கிரம் வாங்க அண்ணி."

முகட்டின் பின்னால் அண்ணியின் தலை மறைந்தது. மாத்திரை மேலே பார்த்தாள். தன் தலைக்கு மேலும் அதே பனி, அதே கனத்தில், வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.