ஆல்டோ மட்டும்

அந்த வீட்டில் நாலு பேர். நாலு பேருக்கும் தலைக்கு மேல் வேலை. அப்பா லிஃப்ட் மெக்கானிக்; எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் அவருடைய போன்தான் அலறும். அம்மா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்டுக் கேட்டு, வீட்டில் புருஷனுக்குச் சட்டை எடுத்துக் காட்டும்போதும் அதே குரலில்தான் கேட்பாள். பெரியவன் ஓட்டல் சமையல் படித்தவன். சின்னவள் பிசியோதெரபி. நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் அதிகம் பார்த்ததில்லை. சேர்ந்து நின்று பாடியதை அந்த ஆலயத்தில் பார்க்காதவர்கள் கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாலை பாடல் ஆராதனை. அச்சடித்த தாளில் ஏழாவதாக 'குடும்பப் பாடல்' என்று இருக்கும். வேறு குடும்பம் எதுவும் வாயைத் திறக்கத் துணியாததால் பெயர்கூடப் போடுவதில்லை. பதினோரு வருடமாக அதே இடம், அதே பாட்டு. பலிபீடத்துக்குப் பூ அடுக்கும் அக்கா, "பாட்டை மாத்தினா நாங்க வீட்டுக்குப் போயிடுவோம்" என்று மிரட்டி வைத்திருந்தாள்.

இடமிருந்து வலமாகச் சின்னவள், அம்மா, பெரியவன், அப்பா. சின்னவள் சோப்ரானோ, அதாவது மெட்டு அவளுடையது. பெரியவன் டெனர், ஆண்குரலில் உயர்ந்தது. அப்பா பேஸ்; அவர் அடியில் இழுத்தால் முன்வரிசை பெஞ்சு அதிரும். அம்மா ஆல்டோ, மெட்டுக்குக் கீழே ஓடும் இரண்டாவது குரல்.

ஒரு காலத்தில் மெட்டும் அவளிடம்தான் இருந்தது. சின்னவளுக்குப் பத்து வயதானபோது, சமையலறையில் அந்தப் பிள்ளை சும்மா பாடியதைக் கேட்டுவிட்டு, "சரி, இனிமே நீ மேலே பாடு, நான் கீழே போயிக்கிறேன்" என்று தானாகவே விட்டுக்கொடுத்தாள். ஆல்டோவில் ஒரு கஷ்டம் உண்டு. மெட்டு ஏறியும் இறங்கியும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆல்டோ ஒரே சுரத்தில் காத்துக்கொண்டு நிற்கும். பிறகு அரை அடி நகரும். மறுபடி நிற்கும். தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. ஆனால் அதை எடுத்துவிட்டால் மற்ற மூன்றும் மொட்டையாகிவிடும். இது பாடுகிறவர்களுக்குத் தெரியும், கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு வேலையும் அவளுடையது. பாட்டின் ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் அவள் சத்தமாக ஒரு மூச்சு இழுப்பாள். அதைக் கேட்டுத்தான் மற்ற மூவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். "அம்மா பம்ப் அடிக்கிறாங்க, ரெடியாகுங்க" என்று பெரியவன் கிண்டல் செய்வான். அவளுக்குக் கோபம் வருவது போலிருக்கும். வராது.

பதினோராவது கிறிஸ்துமஸ் முடிந்து, பிப்ரவரியில் பெரியவனுக்கு வேலை கிடைத்தது. பத்து மணி நேர ரயில் பயணத்துக்கு அப்பால், பெரிய ஓட்டல். அவனை ரயிலேற்றிவிட்டு வந்த அன்றே அவள் போனில் ஒரு குழு தொடங்கி, 'நாலு குரல்' என்று பெயர் வைத்தாள். முதல் வாரம் காலை வணக்கம், பூப்படம், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று அமர்க்களப்பட்டது. பிறகு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. ஈஸ்டர் காலை ஆராதனையில் மூன்று பேராகப் பாடினார்கள். பெரியவன் நிற்கும் இடத்தை அப்பா நகர்ந்து மூடவில்லை, அவளும் நகரவில்லை. நடுவில் ஓர் ஆள் இடம் அப்படியே காலியாக இருந்தது.

மே மாதம் கடற்கரைக்கு ஒரு வார விடுமுறை. நாலு பேருக்கும் ஒரே அறை, அவளே பிடிவாதமாக எடுத்தது. வாரம் என்பது பேருக்குத்தான். பெரியவன் மூன்றாம் நாள் வந்தான். அப்பா ஐந்தாம் நாள் ஏதோ மருத்துவமனை லிஃப்ட் நின்றுவிட்டதென்று கிளம்பிப் போனார். நாலு பேரும் சேர்ந்து இருந்த இரண்டு நாளும் மழை. கடலைப் பார்க்க வந்தவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் பொழுது போகாமல் பால்கனியில் நின்று அந்தப் பாட்டைப் பாடினார்கள். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டியபோது, "செத்தோம், சண்டைக்கு வந்துட்டாங்க" என்றான் பெரியவன். வந்தவர் இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்டார். பாடினார்கள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம், சிரிப்பு வந்து மூன்றாவது அடியில் மூச்சே இழுக்க முடியவில்லை. அதுதான் நாலு பேரும் சேர்ந்து பாடிய கடைசித் தடவை என்று யாருக்குத் தெரியும்?

அந்த இரவுச் சாப்பாட்டின்போதே சின்னவள் மெல்ல ஆரம்பித்தாள், "அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று. பையன் நல்லவன். குடும்பம் நல்ல குடும்பம். ஆகஸ்டில் கல்யாணம் நடந்தது. வேறு ஊர், வேறு ஆலயம். வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள், அதில் ஒருவர் எப்போதும் ஏதாவது கட்டடத்தின் மொட்டைமாடியில் இருந்தார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவளைப் பாஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"தாள் அச்சுக்குப் போகுதும்மா. ஏழாவது வழக்கம்போல உங்க குடும்பம்தானே? போட்டுடலாமா?"

"போட்டுடுங்க பாஸ்டர்."

சொல்லிவிட்டுத்தான் யோசித்தாள். யாரைக் கேட்டுச் சொன்னாள்? யாரையும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எட்டாவது பாட்டு ஏழாவதாகிவிடும், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வார்த்தை தாளில் இல்லாமல் போனால், அப்படி ஒரு குடும்பமே இல்லை என்று ஊருக்கு அச்சடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. எல்லாரும் வராவிட்டாலும் போகிறது, பக்கத்தில் ஒரே ஓர் ஆள் வந்து நின்றால் போதும்.

குழுவில் எழுதினாள். பெரியவன் கூப்பிட்டான்.

"மா, டிசம்பர்ல ஓட்டல்ல லீவு கேட்டா சிரிப்பாங்க மா. வருஷத்துலயே அப்பத்தான் கூட்டம்."

சின்னவள் அன்று மாலையே கூப்பிட்டாள். அவள் குரலில் கொஞ்சம் தயக்கம்.

"அம்மா, அதே ஞாயித்துக்கிழமைதான் இங்கயும். என்னைத் தனியாப் பாடச் சொல்லிட்டாங்க. நம்ம பாட்டையே பாடப் போறேன். கோவமா?"

"கோவம் என்னடி கோவம்? நல்லாப் பாடு."

வயிறு எரிந்தது என்று சொன்னால் பாவம். ஆனால் எரிந்தது. மெட்டு கையில் இருக்கிறவளுக்கு எங்கே போனாலும் பாட்டு இருக்கிறது. இவள் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இருபத்துநாலு மணி நேரமும் பக்கவாத்தியமாக நிற்கிறாள்.

பெரியவன்தான் ஒரு யோசனை சொன்னான். ஆளுக்கொரு குரலைப் போனில் பதிவு செய்து அனுப்புவது, அதை ஆலயத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மா கூடவே பாடுவது. ஆஹா என்று எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள். மூன்று வாரத்தில் மூன்றும் வந்து சேர்ந்தன. பெரியவன் ஓட்டல் பண்டகசாலையில் நின்று பாடியிருந்தான். நடுவில் யாரோ மூட்டையைப் போடும் சத்தம். சின்னவள் புது வீட்டில், மூடிய கதவுக்குப் பின்னால். அப்பா ஒரு லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்று பாடியிருந்தார், பத்து மாடி எதிரொலியோடு. "எக்கோ எப்படி?" என்று பெருமை வேறு.

ஆலயத்து மைக்செட்காரர் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்டுக் காட்டினார். கேட்டால் சந்தைக்கடை. சின்னவள் அடுத்த வேலைக்கு ஓடுகிறவள் போல வேகமாகப் பாடியிருந்தாள். பெரியவன் ஆடி அசைந்து வந்தான். அப்பா எங்கேயோ பாதாளத்தில் சுருதி பிடித்திருந்தார். அவர்களில் ஒருத்தருக்குக்கூட முதலில் அம்மாவை ஒரு தடவை பாடி அனுப்பச் சொல்லலாம், அதைக் கேட்டுக்கொண்டே பாடலாம் என்று தோன்றவில்லை. மூச்சு யார் இழுப்பது என்று யாரும் நினைத்தே பார்க்கவில்லை. மைக்செட்காரர் காதைச் சொறிந்தார்.

"இதை ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஆளாளுக்கு ஒரு ஊர்ல இருக்காங்க."

"ஆமாப்பா, ஊருலதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அருமையாக வந்திருக்கிறது என்று பூசி மெழுகிவிட்டாள்.

மிச்சம் இருந்தது புருஷன் ஒருத்தர். "என்னங்க, அன்னைக்கு மட்டும் போனை அணைச்சிடுங்க" என்றாள்.

"அணைக்க முடியாது. ஆனா ஆறரைக்கு உன் பக்கத்துல நிப்பேன். சத்தியம், போதுமா?"

"நீங்க வந்தா நான் மெட்டைப் பாடிடுவேன். நீங்க பேஸ். ரெண்டு பேரா ஒப்பேத்திடலாம்."

அதற்காக அவள் பத்து நாள் கடைக்குப் போகும் வழியெல்லாம் மெட்டை முணுமுணுத்தாள். காதுக்குத் தெரிந்த மெட்டுதான், மனதுக்குள் அட்சரம் பிசகாமல் ஓடும். வாயைத் திறந்தால் இரண்டாவது அடியிலேயே குரல் தானாகக் கீழே இறங்கி ஆல்டோவில் போய் உட்கார்ந்துகொண்டது. அடச்சீ என்று தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவாள். திரும்பவும் அதே கதை. கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "என்னம்மா, மந்திரமா சொல்றீங்க?" என்று கேட்டார்.

அந்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவர் போன் செய்தார். புதுக் குடியிருப்பு ஒன்றில் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே ஒரு கர்ப்பிணிப் பெண் மாட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணை என்ன குறை சொல்ல முடியும்? "பார்த்து வெளியே எடுங்க. எடுத்துட்டு வாங்க" என்றாள். ஆறு பாட்டு முடியும்வரை அவள் கண் வாசலிலேயே இருந்தது. வாசலின் பெரிய மரக்கதவைக் குளிருக்காகச் சாத்தியிருந்தார்கள்.

பாஸ்டர் 'ஏழு' என்றார்.

தனியாக எழுந்து போனாள். பழக்க தோஷம், இடப்பக்கம் ஒரு ஆளுக்கும் வலப்பக்கம் இரண்டு ஆளுக்கும் இடம் விட்டு நின்றாள். பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. சத்தமாக மூச்சை இழுத்தாள். யாரும் தொடங்கவில்லை. தொடங்க யார் இருக்கிறார்கள்? மெட்டைத்தான் எடுத்தாள். முதல் அடி தாண்டியது. இரண்டாவது அடியில் குரல் கீழே இறங்கிவிட்டது.

நிறுத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நிறுத்தவில்லை. மூன்று சரணமும் ஆல்டோவையே பாடினாள். நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள், மற்றவர்கள் பாட வேண்டிய இடங்களில் விரலால் எண்ணிக்கொண்டு சும்மா இருந்தாள், ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் மூச்சை இழுத்தாள். அந்த ஆலயத்தில் அத்தனை அமைதியை அவள் கேட்டதே இல்லை.

ஆராதனை முடிந்ததும் பூ அடுக்கும் அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வார்த்தை நம்ம பாட்டு வார்த்தைதான். மெட்டு யாரு போட்டது? புதுசா இருந்துச்சே."

"புதுசு இல்லக்கா. பதினோரு வருஷமா நான் பாடுறது இதுதான்."

அக்காவுக்குப் புரியவில்லை. சிரித்து வைத்தாள்.

வெளியே, மரக்கதவுக்குப் பக்கத்துச் சுவரோரம் புருஷன் நின்றுகொண்டிருந்தார். கையில் கிரீஸ், தலை கலைந்து.

"ஒரு வழியா எடுத்துட்டேன். அந்தப் பொண்ணு நல்லா இருக்கு. எப்ப வந்தீங்கன்னு கேளு, ஆறரைக்கெல்லாம் வந்துட்டேன். நம்ம முறை எப்ப? இன்னும் கூப்பிடலையா? உள்ளே கூட்டம் கலையுதே?"

"ஆறரைக்கு வந்துட்டு ஏன் உள்ள வரல?"

"யாரோ ஒரு அம்மா பாடிட்டிருந்தாங்க. நடுவுல கதவைத் திறந்தா தொந்தரவுன்னு இங்கயே நின்னுட்டேன். மூணு சரணமும் கேட்டேன், கதவுக்குப் பின்னால வார்த்தை பிடிபடலை. முடிஞ்சதும் உள்ள வரலாம்னா போன் வந்து பிடிச்சுக்கிச்சு. யாரு அது?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் புரிந்தது, வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"நீயா?"

"ஒரே வீட்டுல இருபத்தாறு வருஷம். என் பக்கத்துல நின்னு பதினோரு வருஷம். என் குரல் உங்களுக்குத் தெரியலை, இல்ல?"

அவர் கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தார். "தெரியலம்மா" என்றார். பொய் சொல்லவில்லை, அந்த மட்டில் சரி.

ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த இடத்துக்கு இருவரும் நடந்தார்கள். அவர் வண்டியைக் கிளப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், "இப்ப ஒரு தடவை பாடேன்" என்றார். சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை, அது அடித்து ஓய்ந்தது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் சத்தமாக மூச்சை இழுத்தாள். அதைக் கேட்டதும், பழக்கத்தில் அவர் வாயைத் திறந்து பேஸைத் தொடங்கிவிட்டார்.

"நீங்க பாடாதீங்க" என்றாள். "கேளுங்க."

அவர் வண்டியின் இன்ஜினை அணைத்தார்.