பாறைவிளைக்குப் போன இடது கால்

ஜெபினின் இடது காலைப் பாறைவிளை அணி வாங்கி ஒரு பருவம் ஆகியிருந்தது. வலது கால் கொன்றைத்துறை அணியிலேயே இருந்தது. இரண்டு கடற்கரை ஊர்களுக்கும் நடுவே ஆறு கடலில் சேரும் ஒரு பொழிமுகமும் ஒரு மீன்சந்தையும்தான் என்பதால் போய்வருவதில் சிரமம் இல்லை. பாறைவிளைக்கு ஆட்டம் இருக்கும் நாட்களில் ஜெபின் இடது காலில் நீலக் காலுறை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவான். அங்கே வலது கால் பந்தைத் தொடாது. பெண்பார்க்கக் கூடப் போன தூரத்து உறவினரைப்போல ஓரமாக ஓடிவிட்டுத் திரும்பும். கொன்றைத்துறைக்கு ஆட்டம் என்றால் வலது காலில் மஞ்சள் காலுறை. அன்றைக்கு இடது கால் விருந்தாளி.

கால் விலைபோனதற்குக் காரணம் கிளீட்டஸ். அவர் ஜெபினின் மாமனார். மனைவி இறந்த பிறகு மகள் மெற்றில்டாவையும் மருமகனையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டவர். அத்துடன் கேலரியின் மூன்றாம் படியில் நிரந்தரமாக உட்காரும் ரசிகர். இந்த இரண்டு பதவிகளையும் அவர் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மைதானத்தின் வாசல்வரை ஜெபின் மாப்பிள்ளை. "இன்னும் ரெண்டு சாளை மீன் வையி மக்கா, மாப்ளை ஒண்ணுமே தின்னல்ல" என்பார். வாசலைத் தாண்டியதும் அவன் சவம்.

"பாத்தியா தியோப்பிளு," என்பார் பக்கத்து இடத்து நண்பரிடம், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. "இவன் பந்துக்குப் போகமாட்டான். பந்துதான் இவனைப் பாக்க வரணும். சீக்காளியைப் பாக்க வாற மாதிரி, ஆரஞ்சுப் பழத்தோட."

"லேய் சவமே, அசையுடே! கடலே இடம் மாறுது, உனக்கு என்னடே நோவு?"

"கோல் கம்பத்துக்கு ஏதும் நேர்ச்சை வச்சிருக்கானா? ஒரு ஆட்டம் விடாம அதுல போய் முட்டுகானே. போன மாசம் இவன் அடிச்ச பந்து கோயில் மணியில பட்டு, ஊரே பூசைக்குக் கெளம்பி வந்திட்டு."

கடைசியில் எப்போதும் ஒன்று சொல்லி முடிப்பார். "இந்தக் கோலுக்கு என் ஒத்தக் காலு போதும்டே."

ஒருமுறை கமிட்டிக் கூட்டத்தில் அவரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். கிளீட்டஸ் நியாயஸ்தர். "வலது காலைக் குத்தம் சொல்லமாட்டேன். ஏதோ அதால ஆனதைப் பாக்குது. அந்த இடது காலைத்தான் எவனுக்காவது குடுத்துத் தொலைங்க" என்றார். கொன்றைத்துறை கமிட்டி யார் சொன்னதையும் வீணாக்குவதில்லை. பாறைவிளை அணியின் செயலாளர் வறுவேல், கிளீட்டஸின் அக்காளைக் கட்டியவர், மறுவாரமே ஒரு ஜோடி கோல் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கொன்றைத்துறையின் பழைய வலையில் ஓர் ஆள் நுழைந்து போகிற அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. பேச்சு உடனே முடிந்தது.

பாறைவிளைக்குப் போன இடது கால் கோல் அடிக்கத் தொடங்கியது. தொலைவிலிருந்து அடித்தது, வளைத்து அடித்தது, முதுகைக் காட்டிக்கொண்டு குதிகாலால்கூட அடித்தது. செய்தித்தாளில் முழங்காலுக்குக் கீழே படம் வந்தது. தான் அதைப் பார்க்கவில்லை என்றார் கிளீட்டஸ். பிறகு அதைப்பற்றி மட்டுமே பேசினார்.

இப்படியிருக்க, மிக்கேல் சம்மனசு கோப்பையின் இறுதியாட்டத்தில் இரண்டு ஊர்களும் மோத நேர்ந்தது. ஆட்டம் கொன்றைத்துறை மைதானத்தில். கோப்பையைக் கொண்டுபோகிற ஊர் மற்ற ஊரிடமிருந்து ஒரு காலைக் கேட்டு வாங்கலாம் என்பது பழைய வழக்கம். பாறைவிளை எதைக் கேட்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒன்று கைவசம் இருந்தால் அதன் ஜோடியைத்தான் கேட்பார்கள். இரண்டு காலும் எந்த ஊருக்கோ ஆளும் அந்த ஊருக்கு. ஆளுக்கு மனைவி உண்டென்றால் அவளும். போன ஆண்டுக் கோப்பை பாறைவிளையிடம் இருந்ததால், ஆட்டம் சமனில் முடிந்தாலும் அவர்களுக்குத்தான்.

அன்று மத்தியானம் மெற்றில்டா பெட்டி கட்டினாள்.

"அப்பா, அம்மியை எடுத்திட்டுப் போகட்டா? ஒங்களுக்கு வேணுமா?"

கிளீட்டஸ் அம்மியைப் பார்த்தார். அவருக்கு அரைக்கத் தெரியாது.

"சொல்லுங்கப்பா. சாக்குல கட்டணும்லா."

"எடுத்திட்டுப் போ" என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். எதிரே ஜெபின் ஒரு காலில் நீலமும் ஒரு காலில் மஞ்சளும் போட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "மாப்ளைக்கு மீன் வையி" என்று மட்டும் சொன்னார்.

மைதானத்திலிருந்தே பாறைவிளை பஸ் கிடைக்கும் என்பதால் மெற்றில்டா பெட்டியையும் சாக்கில் கட்டிய அம்மியையும் கேலரிக்குக் கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொண்டாள். கிளீட்டஸ் மூன்றாம் படியில் இருந்தார். அங்கிருந்து அம்மி தெரிந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஜெபினின் வலது கால் கொன்றைத்துறைக்கு முன்வரிசையில் ஆடியது; இடது கால் பாறைவிளைக்குத் தற்காப்பில் ஆடியது. வலது கால் எங்கே போனாலும் எதிரணியின் தடுப்பாளர் ஒருவர் அதற்கு இணையாக இருந்துகொண்டே இருந்ததால் ஜெபினை ஆஃப்சைடு பிடிக்க முடியவில்லை. விதியை அறிந்தவர்கள் இதை ரசித்தார்கள். ஆனால் வலது கால் பந்தை எடுத்தால் இடது கால் தட்டிப் பறித்தது. பறித்த பந்தை வலது கால் திரும்பப் பறித்தது. பெரும்பாலான நேரம் ஜெபின் நடுமைதானத்தில் நின்ற இடத்திலேயே தன்னோடு போராடிக்கொண்டிருந்தான்.

"பாரு தியோப்பிளு! அசையுதானா பாரு!" என்று கிளீட்டஸ் கத்தினார். குரல் வழக்கம்போல எழும்பவில்லை.

"இன்னிக்கு ஒம்ம சத்தம் சரியில்லையே. சுக்குமிட்டாய் வேணுமாவே?" என்றார் தியோப்பிள்.

இடைவேளைக்குப் பிறகும் கோல் விழவில்லை. வெயில் தணிந்தது. பாறைவிளைக்காரர்கள் பந்தைக் கேலரிக்குள் அடித்து நேரம் கடத்தினார்கள். பஸ் வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தது. மெற்றில்டா எழுந்து அம்மிச் சாக்கின் கட்டை ஒருமுறை இறுக்கினாள். கிளீட்டஸ் தன் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது கொன்றைத்துறை கோல்கீப்பர் உதைத்த பந்து எல்லோர் தலைக்கும் மேலாகப் போய் ஜெபினின் வலது காலில் விழுந்தது. எதிரே கோல்கீப்பரைத் தவிர யாரும் இல்லை. ஜெபின் ஓடினான். வலது கால் பந்தோடு ஓடியது. இடது கால் அதைத் துரத்தியது. ஓடுகிறவனும் துரத்துகிறவனும் ஒரே வேகத்தில் பெனால்டி எல்லைக்குள் நுழைந்தார்கள். கேலரி மொத்தமும் எழுந்து நின்றது. வலது கால் அடிக்க ஓங்கிய நேரத்தில் இடது கால் பின்னாலிருந்து கொக்கி போட்டது. ஜெபின் குப்புற விழுந்தான்.

நடுவர் விசில் ஊதினார். பெனால்டி. பிறகு அவர் குனிந்து இடது காலுக்குச் சிவப்பு அட்டை காட்டினார். அது கடைசித் தடுப்பாளர், வேறு வழியில்லை. பாறைவிளைக்காரர்களும் அதை மறுக்கவில்லை. நடுவர் மைதானத்தின் ஓரத்தைச் சுட்டினார். ஜெபின் இடது காலை மடக்கித் தூக்கிக்கொண்டான். தரையில் படாதவரை அது மைதானத்துக்குள் இருப்பதாகச் சொல்ல முடியாது.

விழுந்தவனே அடிக்க வேண்டும் என்பது அந்தக் கோப்பையின் வழக்கம். வலது காலில் நின்றுகொண்டு வலது காலால் அடிக்க இயலாது என்பது அதைவிடப் பழைய வழக்கம். கொன்றைத்துறை கமிட்டி கூடிப் பேசியது. அவர்கள் யார் சொன்னதையும் மறப்பதில்லை. தலைவர் மூன்றாம் படியைப் பார்த்துக் கையசைத்தார்.

"கிளீட்டஸ் அண்ணே, எறங்கி வாங்க. ஒத்தக் காலு போதும்."

கிளீட்டஸ் இறங்கினார். கேலரி வழிவிட்டது. நடுவர் விசாரித்தார்.

"எந்தக் கால்?"

"இடது" என்றார் தலைவர்.

"வேறு அணியில் ஆடியிருக்கிறதா?"

"இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தது."

"சரி. வலது கால் தரையில் படக் கூடாது."

அவருக்கு ஒரு மஞ்சள் காலுறை கொடுத்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலது காலைத் தூக்கிக்கொண்டு, நொண்டியடித்து ஜெபினின் இடப்பக்கம் போய்ச் சேர்ந்தார். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டார்கள். கல்யாணத்தன்றுகூட அவர் அவனை அப்படிப் பிடித்ததில்லை. அவன் உடம்பு நடுங்குவது அவருக்குத் தெரிந்தது. தன் உடம்பு என்று பிறகு தெரிந்தது.

அவருக்கு ஒரு சங்கடம். வாசலுக்கு இந்தப் பக்கம் இவன் சவம். ஆனால் தோளில் கைபோட்டிருக்கும் ஒருவனைச் சவம் என்று எப்படி அழைப்பது?

"மாமா, கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாடுவான்?" என்று ஜெபின் மெதுவாகக் கேட்டான்.

மூன்றாம் படியில் இருந்தபோது கிளீட்டஸுக்கு இது தெரிந்திருந்தது. எல்லாப் பெனால்டியிலும் தெரிந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் கோல், தேர் போகிற தெரு மாதிரி அகலமாக இருக்கும். இங்கிருந்து பார்க்கையில் அது ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் ஒரு பெரிய ஆள் கைகளை விரித்துக்கொண்டு நின்றான்.

"எனக்குத் தெரியல்ல மாப்ளை" என்றார்.

மூன்றாம் படியிலிருந்து தியோப்பிளின் குரல் வந்தது. "லேய் கிளீட்டஸு! நேரா நில்லுடே, சவமே! என்ன, பந்து ஒன்னைப் பாக்க ஆரஞ்சோட வரணுமா?"

கேலரி சிரித்தது. மெற்றில்டா சிரிக்கவில்லை. அவள் கை அம்மிச் சாக்கின் மேல் இருந்தது. பஸ் மறுபடியும் ஹாரன் அடித்தது.

"மாமா, நான் அடிக்கும்போது நம்ம ரெண்டுபேர் பாரமும் ஒங்க காலுலதான். அசையாம நிப்பீங்களா?"

"நிக்கேன்."

விசில் ஊதியது. வலது, இடது, வலது, இடது என்று இருவரும் பந்தை நோக்கி ஓடினார்கள். கடைசியில் கிளீட்டஸின் கால் ஊன்றியது. முழங்காலுக்குள் ஏதோ முறுகியது. ஜெபினின் வலது கால் அவருக்கு முன்னால் வீசிப் போயிற்று. அவர் கண்ணை மூடவில்லை. மூன்றாம் படியில் என்றால் மூடியிருப்பார்.

பந்து போய் கோல் கம்பத்தில் முட்டியது.

முட்டி நேராக அவரை நோக்கித் திரும்பி வந்தது. விலக வேண்டும் என்று கிளீட்டஸ் நினைத்தார். இடதுபுறமாக ஒரு தப்படி போதும். ஆனால் கால் அசையவில்லை. இத்தனை ஆண்டுகளாக அவர் எந்தக் குறைக்காகத் தொண்டை கிழியக் கத்தினாரோ அந்தக் குறை முழுமையாக, கொஞ்சமும் பிசகாமல், அவருடைய காலிலேயே இருந்தது. பந்து அவர் கணுக்கால் எலும்பில் பட்டு, விழுந்து கிடந்த கோல்கீப்பரைத் தாண்டி, உருண்டு உருண்டு உள்ளே போனது. பாறைவிளையில் பின்னிய வலை. ஓட்டை இல்லை. பந்து அதில் நின்றது.

கேலரி நடுவரைப் பார்த்தது. நடுவர் யோசித்துக்கொண்டிருந்தார். பெனால்டி அடித்தவரே, வேறு யாரும் தொடுவதற்கு முன், பந்தை மறுபடி தொட்டால் கோல் இல்லை. அவர் நடந்து வந்து இருவரையும் சுற்றிப் பார்த்தார். கிளீட்டஸின் கை ஜெபினின் தோளை இன்னும் பிடித்திருந்தது. நான்கு கால்களில் இரண்டு அந்தரத்தில் இருந்தன.

"இந்தக் கால் அடித்தவருடையதா?" என்று கேட்டார்.

"இல்ல சார். எனக்க காலு" என்றார் கிளீட்டஸ்.

"அப்படியென்றால் வேறு ஆட்டக்காரர்" என்று சொல்லி நடுவர் மையவட்டத்தை நோக்கிக் கை காட்டினார். கோல்.

பஸ் காலியாகப் பாறைவிளைக்குப் போனது. மெற்றில்டா அம்மியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்து, இரவுக்கு மிளகாய் அரைத்தாள்.

கோப்பை வென்றதால் கொன்றைத்துறை ஒரு காலைக் கேட்கலாம். ஜெபினின் இடது காலைத் திரும்பக் கேட்பதைப்பற்றிக் கமிட்டி பேசியது. கிளீட்டஸிடம் அபிப்பிராயம் கேட்டார்கள்.

"வேண்டாம். கூடப்பொறந்த காலுக்கே கொக்கி போட்ட காலு" என்றார் அவர். அது அங்கேயே இருக்கட்டும் என்று தீர்மானம் ஆனது.

மறுநாள் பூசை முடிந்ததும் வறுவேல் வந்தார். தோளில் இரண்டு ஜோடி வலை. அவற்றை முற்றத்தில் போட்டுவிட்டு, கிளீட்டஸின் இடது காலை முழங்காலிலிருந்து கீழே கண்ணால் அளந்தார்.

"கணுக்காலு அபாரம். இப்படி அசையாத காலு பாறைவிளையில ஒண்ணுகூட இல்ல மச்சான்."

"அத்தான் சொன்னா சரிதான். கமிட்டியில என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்குச் சம்மதம்."

மெற்றில்டா வலையை விரித்து ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தாள். "நல்ல முடிச்சு அப்பா" என்றாள்.

அடுத்த ஞாயிறன்று கிளீட்டஸ் இடது காலில் நீலக் காலுறை மாட்டிக்கொண்டார். பாறைவிளை, வாங்கிய காலுக்கு மட்டுமே சாப்பாடு போடும் என்பதால் மெற்றில்டா வலது காலுக்குப் பொதிச்சோறு கட்டிக்கொடுத்தாள். ஜெபினின் இடது காலுக்குச் சிவப்பு அட்டையால் ஓர் ஆட்டம் தடை இருந்தது. ஆகவே அவனும் பார்ப்பதற்காகக் கூட வந்தான். பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொடுத்தான். இறங்கும்போது, "பாத்து மாமா, படி உயரம்" என்று கைபிடித்தான். பையை மைதானத்தின் வாசல்வரை அவனே சுமந்தான்.

வாசலைத் தாண்டியதும் பையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போய் மூன்றாம் படியில் உட்கார்ந்தான்.

ஆட்டம் தொடங்கியது. பந்து கிளீட்டஸிடமிருந்து வெகு தொலைவில் இருந்தது.

"லேய் சவமே, அசையுடே!" என்றான் ஜெபின்.

கிளீட்டஸ் அசையவில்லை. பந்து வரட்டும் என்று நின்றார்.