பகல் டிஸ்கோ

ஆட்டம் செத்துப்போய்விட்டது என்று கல்முனையில் சொல்லாத வாய் இல்லை. தேத்தண்ணிக் கடையில் சொல்கிறார்கள், சலூனில் சொல்கிறார்கள், ஒரு காலத்தில் விடிய விடிய என் ஸ்பீக்கருக்கு முன்னால் சேட்டைக் கழற்றிச் சுழற்றியவனே சொல்கிறான். மார்க்கம் பேசும் பயான் கசட் வந்து கெடுத்துவிட்டதாம். வீட்டுக்கு வீடு வீடியோ டெக் வந்து கெடுத்துவிட்டதாம். பைலாப் பாட்டே பழசாகிவிட்டதாம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆட்டம் ஒன்றும் சாகவில்லை, இருட்டைத்தான் பறித்துவிட்டார்கள் என்று நான் சொல்வேன். பொழுது பட்டால் ஆமிக்காரர் சென்றியில் ரோட்டை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எந்த மடையன் ஆட வருவான்?

எங்கள் பக்கத்தில் கிளப் என்றால் கிரிக்கெட் கிளப்தான். மாட்ச் வென்றால் ஆட்டம், தோற்றாலும் ஆட்டம், ஒருவன் கட்டாருக்குப் போனால் அதற்கும் ஆட்டம். ஸ்பீக்கர் பெட்டிகள், அம்ப், சுழலும் கலர் லைட் எல்லாம் என்னுடையவை. ஓகன், அதாவது கீபோர்ட், வாசிப்பவன் காரைதீவுக் கிருஷாந்தன். அவனுடைய தமிழ் ஊருக்கும் என்னுடைய முஸ்லிம் ஊருக்கும் நடுவில் நடக்கக்கூடாததெல்லாம் நடந்து முடிந்திருந்தது. ஆனாலும் அவன் ஓகனைப் போர்வையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்துகொண்டுதான் இருந்தான். ஒவ்வொரு சென்றியிலும் போர்வையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். சில இடங்களில் வாசித்தும் காட்ட வேண்டும்.

தொண்ணூற்றாறில் எங்களை ஆட்டத்துக்குக் கூப்பிடுவது அநேகமாக நின்றுபோயிற்று. ஒருநாள் கிருஷாந்தன் என் வீட்டு வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான்.

"மச்சான், நான் ஓகன வித்துப்போட்டுக் கொழும்புக்குப் போகப்போறன். புடவைக் கடையில வேலை கிடக்கு."

"விசர்க் கதை கதைக்காத."

"ஆரு மச்சான் இப்ப ஆடுறான்? போன முறையும் சுவரோட சாஞ்சி நிண்டு பாத்துப்போட்டுப் போனானுகள்."

"அது பட்டப்பகல்ல வெச்சது. வெளிச்சத்துல எவன்டா ஆடுவான்? இருட்ட நான் தாறன். நீ வந்து வாசி."

அவன் சைக்கிள் மணியைத் தட்டிக்கொண்டிருந்தான். "சரி. ஒரு முறை வாறன். களம் நிரம்பினா நிக்கிறன். நிரம்பாட்டிப் போறன். மறுகா நீ ஒண்டும் கதைக்கப்படாது."

ஓம் என்றேன். அவன் போனால் வேறொரு ஓகன்காரனைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் அந்த ரோட்டில் அங்காலிருந்து என்னைத் தேடி வர அவனை விட்டால் ஒருவரும் இல்லை. அவன் போய்விடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை, ஏசித்தான் அனுப்பினேன்.

அந்த மாதம் கிளப் ஒரு கப் அடித்தது. மில்லுக்குப் பின்னால் இருக்கும் நெல் ஸ்டோரை ஒரு பகலுக்குக் கேட்டு வாங்கினேன். வெறும் சாக்குகளை எடுத்து, இரண்டு மடிப்பாக மடித்து, யன்னல் யன்னலாக ஆணி அடித்தேன். கதவு இடுக்கிலும் சாக்கைத் திணித்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்க, உள்ளே நல்ல இருட்டு. கலர் லைட்டைப் போட்டதும் உமித்தூசிக்குள் சிவப்பும் பச்சையும் சுழன்றன. கொழும்பு ஹோட்டல்காரன் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

பத்து மணிக்குப் பொடியன்மார் வந்தார்கள். வந்து சுவரோடு நின்றார்கள். கிருஷாந்தன் வாசிக்கத் தொடங்கினான், அவர்கள் நின்றார்கள். அவன் அடுத்ததைத் தொடங்கினான், நின்றுகொண்டே இருந்தார்கள். சாக்கு அடித்ததால் உள்ளே காற்று வேறு இல்லை, எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. ஓகனுக்கு மேலால் கிருஷாந்தன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு முஸ்தாக்கிடம் போனேன்.

முஸ்தாக் பஸாரில் டெய்லர், என்னைக் காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவன். எந்த ஆட்டத்திலும் முதலில் இறங்குகிறவன் அவன்தான். அவன் காலை வைத்தால் பின்னால் ஊரே இறங்கும், அவன் இறங்காவிட்டால் ஒருவனும் அசையமாட்டான்.

"இறங்கன்டா. என்ன, கலியாணப் பொம்புளப்புள்ள மாதிரி நிக்கிறாய்?"

"வெக்கமாக் கிடக்கு காக்கா. வெளிய வெயில் எறிக்கிற எண்டு உடம்புக்குத் தெரியிது."

"எனக்காக ஒருக்கா இறங்கு. பெரிய உதவியா இரிக்கும்."

என் குரலில் எதைக் கண்டானோ, சிரித்தான். சாரத்தைச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு நடுக்களத்துக்குப் போய்க் காலெடுத்தான். அப்போதுதான் கதவு திறந்தது.

சீருடைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். எல்லோரும் கையைத் தூக்கினோம். யன்னலெல்லாம் மூடிக் கிடந்ததை யாரோ ரோட்டிலிருந்து பார்த்துப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். துவக்கு முனையால் சாக்குகளைக் கிழித்து இறக்கினார்கள். ஒவ்வொரு யன்னலாக வெயில் உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் என் கலர் லைட் சும்மா சுழன்றுகொண்டிருந்தது.

"ஏன் மூடினது?" என்றான் பெரியவனாக இருந்தவன், எங்கள் தமிழில். "உள்ள என்ன செய்றது?"

"டான்ஸ், சேர்" என்றேன்.

"டான்ஸ்?" அவன் திரும்பி மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். "பகல்ல டான்ஸ். சரி, ஆடுங்க. நாங்க பாக்குற."

ஒருவரும் அசையவில்லை. அவன் கிருஷாந்தனைப் பார்த்து, "நீ வாசி" என்றான். பிறகு நடுக்களத்தில் கையைத் தூக்கியபடி நின்ற முஸ்தாக்கின் பக்கம் துவக்கைத் திருப்பினான். "நீ ஆடு."

கிருஷாந்தன் பைலா ஒன்றை எடுத்தான். முஸ்தாக் காலை வைத்தான். அந்தப் பாவிக்கு மோசமாக ஆடத் தெரியாது. முகம் செத்துக் கிடந்தது, கால்களோ தாளத்தை விடவே இல்லை. இடுப்பும் தோளும் அதுபாட்டுக்கு வந்தன. தூக்கிய கையை இறக்கச் சொல்லி யாரும் சொல்லாததால், கையைத் தூக்கியபடியே ஆடினான். சீருடைக்காரர்கள் கை தட்டினார்கள். பிறகு சுவரோடு நின்றவர்களையும் தள்ளி விட்டார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் ஆடினார்கள், நானும் ஆடினேன். களம் நிரம்பி வழிந்தது.

"ஆயெத், ஆயெத்" என்றார்கள். மறுபடியும் என்று அர்த்தம். கிருஷாந்தனின் கை தளரும்போதெல்லாம் ஒருவன் அவனுடைய தோளில் துவக்கால் மெல்லத் தட்டினான். மெல்லத்தான் தட்டினான், அடித்தான் என்று சொல்லமாட்டேன்.

அலுத்த பிறகு போனார்கள். பெரியவன் கதவில் நின்று, "நல்ல மியூசிக். இனி யன்னல் மூட வேணாம்" என்றான்.

பொடியன்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கலைந்தார்கள். முஸ்தாக் மட்டும் கிழிந்த சாக்கின் மேல் குந்தியிருந்தான். தண்ணீர் கொடுத்தேன், அவன் குடிக்கவில்லை.

"மஜீட் காக்கா, நான் நல்லா ஆடினனா?"

பொய் சொல்லியிருக்கலாம். யா அல்லாஹ், அந்த நேரம் எனக்குப் பொய்கூட வரவில்லை. அவன் அன்றைக்கு ஆடியதுபோல ஒருநாளும் ஆடியதில்லை.

"ஓம்டா" என்றேன்.

அதைக் கேட்டுத்தான் அவன் அழுதான்.

கிருஷாந்தன் ஓகனைப் போர்வையில் சுற்றிக் கரியரில் கட்டினான். வழக்கமாக நான் கயிற்றைப் பிடித்துக்கொடுப்பேன். அன்று கிட்டப் போகவில்லை.

"களம் நிரம்பித்து மச்சான்" என்றான். குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே என் முடிவைக் கேட்டு நின்றான். நிற்கச் சொன்னால் நின்றிருப்பான்.

"கொண்டுபோய் வித்திரு" என்றேன்.