ஏழாவது குழாய்

என் ஆராய்ச்சியைப் பற்றி யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிற ஆள் நான். கனகசெட்டிக்குளம் பக்கம் உப்பங்கழியில் நீளமான குழாய்களை இறக்கி, அடிச்சேற்றைக் குலையாமல் எடுப்போம். கீழே இருப்பது பழைய மண், மேலே இருப்பது புதியது. எந்தக் காலத்தில் மழை கொட்டியது, எப்போது வறண்டது என்று அந்த அடுக்குகள் சொல்லிவிடும். குழாய் தலைகீழானால் எல்லாம் போச்சு.

குழாய் இறக்குபவர் கண்ணையன். வேலை பார்த்த மில் மூடியபிறகு போர்வெல் போடும் வேலைக்கு வந்தவர். குழாய் வெளியே வந்ததும் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு மேல்முனையில் ஒரு கோடு இழுப்பார். எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. எல்லாக் கோடுகளையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மார்க்கரால் அம்புக்குறி போட்டேன். பெரிய விஞ்ஞானி இல்லையா!

ஆய்வகத்தில் ஏழாவது குழாயின் மேல்மண், அடிமண்ணைவிட இரண்டாயிரம் வருடம் மூத்தது என்று முடிவு வந்தது. "யாருய்யா குறி போட்டது?" என்று கத்தினார் பேராசிரியர் விஜயராகவன்.

"கண்ணையன் போட்ட கோட்டைப் பாத்துதான் சார் போட்டேன். குடிச்சிருப்பாரு," என்றேன். அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை. மறுநாளே அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, கட்டுரைக்குப் படம் தேடும்போது நான் துடைப்பதற்கு முன் எடுத்த ஒரு படம் என் போனிலேயே கிடைத்தது. ஏழாவது குழாயில் விரிசல் விட்ட முனையில் சுண்ணாம்புக் கோடு. என் அம்புக்குறி இருந்ததோ மறுமுனையில்.

கருவடிக்குப்பத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். கண்ணையன் பதறி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எம்மேலதான் சார் தப்பு இருக்கும். எங்க கை மாறிச்சின்னு தெனம் யோசிக்கிறேன், தெரியல. குடின்னு சொன்னதுதான்... எம் பொண்ணு ரெண்டு நாள் எங்கிட்ட பேசல."

எனக்கு அழுகை வந்தது. அங்கேயே பேராசிரியரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், கோட்டைத் தொடச்சது நான். குறிய மாத்திப் போட்டதும் நான். கண்ணையன் குடிச்சாருன்னு பொய் சொன்னேன்."

பேராசிரியர் சிரித்தார். "விடுய்யா இளஞ்செழியா. வேலைன்னா கை தவறத்தான் செய்யும். கட்டுரையத் திருத்தி அனுப்பு." போனை வைத்துவிட்டார்.

கண்ணையன் என்னையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒங்களுக்கு அவ்ளோதானா சார்?" என்று கேட்டார்.